காலித் தொட்டில் வாசலுக்கு வந்த டிசம்பர்

"உள்ள கொண்டு வராதீங்க."

என் மனைவி ஸ்டெல்லா அப்படிச் சொன்னபோது, அவளுடைய ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு அந்த வரியிலேயே நின்றுபோனது. தகரக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் நடுவில், பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஒரு மரத்தொட்டில். உள்ளே கொஞ்சம் வைக்கோல். குழந்தை இல்லை.

ஆவடி சேக்காட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசல் அது. மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு டிசம்பர் சாயங்காலம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. ஸ்டெல்லாவுக்கு எட்டாம் மாதம்.

அந்த வாசலிலேயே அவர்கள் கொஞ்ச நேரம் நிற்கட்டும் பிள்ளைகளே. அதற்குள் நான் வேறு சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெனியின் கேள்வி

போன வாரம் இந்தப் பகுதியில், நான் கம்பெனியில் ஓட்டுகிற பிரஸ் மிஷினைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரமும் அதையேதான் எழுத இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து திரும்பும்போது என் மகள் ஜெனி ஒரு கேள்வியைப் போட்டு என்னை இந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"அப்பா, பண்டிகை ஒருநாள்தானே? அதுக்கு எதுக்கு நாலு வாரம் முன்னாடியே ஊதாத் துணி கட்டிட்டு, வானவர் கீதம்கூடப் பாடாம உம்முனு உக்காரணும்?"

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. கேள்வியெல்லாம் வளர்ந்துவிட்டது.

அவள் கேட்டது திருவருகைக் காலத்தை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளை எங்கள் சபையில் அப்படிச் சொல்வோம். பீடத்தின் பக்கத்தில் பச்சை இலை சுற்றிய ஒரு வளையம் வைப்பார்கள். அதில் நான்கு மெழுகுவர்த்தி. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வருவோம். வருகிறவருக்காகக் காத்திருக்கிற காலம். பூசையில் பாடும் வானவர் கீதத்தைக்கூடக் கிறிஸ்துமஸ் வரைக்கும் நிறுத்திவைப்போம்.

இவ்வளவும் எனக்கு ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. இயேசு ஒருமுறை வந்தார், கடைசியில் திரும்பவும் வருவார், நடுவில் தினந்தினமும் நம் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கிறார் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாகத்தான் மனப்பாடம் செய்தேன். ஆனால் நான் பத்தாவதோடு நின்றவன். மனப்பாடம் செய்தது மறக்கும், கண்ணால் பார்த்தது நிற்கும். எனவே பார்த்ததைச் சொல்கிறேன்.

குடத்தோடு நிற்பவர்கள்

நான் பிறந்து வளர்ந்தது திருமுல்லைவாயில். எங்கள் தெருவுக்குக் கோடையில் தண்ணீர் லாரிதான் கதி. இன்றைக்கு வரும் என்பார்கள். எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

லாரிக்காகக் காத்திருப்பவர்கள் இரண்டு விதம். ஒரு கூட்டம் தெருமுனையில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு கூட்டம் குடத்தைத் தேய்த்துக் கழுவி வரிசையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். லாரி திரும்புகிற சத்தம் கேட்டதும் முதல் கூட்டம் குடத்தைத் தேடி வீட்டுக்குள் ஓடும்.

நான் எப்போதும் முதல் கூட்டம். தெருமுனையில் நின்று கத்துவதில் எனக்கு அவ்வளவு ஆசை. என் அம்மா வாசலில் இருந்தே குரல் கொடுப்பார்கள்.

"டேய், கொடம் எங்கடா? தண்ணி புடிக்க வந்தியா, ஊர்வலம் பாக்க வந்தியா?"

இத்தனை வருடம் கழித்தும், பூசையில் முதல் ஊதா மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும். இதைச் சொன்னால் ஃபாதர் என்ன நினைப்பாரோ, அவரிடம் சொன்னதில்லை.

சரி, வாசலில் நிற்பவர்களிடம் போவோம். முதலில் அந்தத் தொட்டில் எப்படி வந்தது?

சூசை அண்ணனின் கைவேலை

பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அதற்கு அன்பியம் என்று பெயர். எங்கள் அன்பியத்தில் அந்த வருடம் ஒரு யோசனை வந்தது.

இயேசு பாலனைக் கிடத்தியது மாடு தின்னும் தீவனத்தொட்டியில் அல்லவா? அது மாதிரி ஒன்று செய்வோம். காலியாகவே வீடு வீடாகக் கொண்டுபோவோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் தங்கட்டும். பிள்ளைகள் ஏதாவது நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் எடுத்து அதில் போடட்டும். கிறிஸ்துமஸுக்குள் பாலனுக்கு மெத்தை தயாராகிவிடும்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. செய்கிற பொறுப்பை சூசை அண்ணனிடம் கொடுத்தோம். அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மிஷின்களை அனுப்புவதற்கு மரப்பெட்டி அடிக்கிறவர். கையில் உளி பிடித்தால் பென்சில் பிடித்த மாதிரி இருக்கும்.

ஆனால் அண்ணன் எஸ்டேட் பக்கமே பிறந்து, எஸ்டேட் பக்கமே வளர்ந்தவர். மாட்டை ரோட்டில் பார்த்திருக்கிறார். மாடு தின்னும் தொட்டியைப் பார்த்ததே இல்லை. குழந்தையைப் படுக்க வைப்பதற்கு என்று நாங்கள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, பெட்டி அடித்து மிச்சமான பலகைகளை இழைத்து, கீழே வளைந்த கால்கள் வைத்து, அசல் தொட்டில் ஒன்றைச் செய்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தொட்டால் ஆடியது.

பக்கப் பலகையில் பெட்டிக்கு அடித்த கறுப்பு முத்திரை அப்படியே இருந்தது. மேலே பார்க்கும் இரண்டு அம்பு. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் படம்.

"இன்னா அண்ணாத்தே, மாட்டுத் தொட்டி கேட்டா மகாராஜா தொட்டில் செஞ்சிகினு வந்துக்கிறே?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"கொழந்த படுக்கத்தானே கேட்டீங்க? ஆடிக்கினே தூங்கட்டுமே, இன்னா இப்போ?"

"அந்தக் கிளாஸ் படத்தையாவது இழைச்சு எடுத்திருக்கலாமே?"

"அது ஒடையுற சாமான், பாத்து எடுன்னு அர்த்தம்" என்றார் சூசை அண்ணன். "ஏன், கொழந்த மட்டும் ஒடையாத சாமானா?"

எல்லோரும் சிரித்தோம். தொட்டியோ தொட்டிலோ, இனி மாற்ற நேரமில்லை என்று விட்டுவிட்டோம். ஸ்டெல்லா அன்றைக்கு அங்கே வரவில்லை. கால் வீக்கம் என்று படுத்திருந்தாள். அன்பியத்திலிருந்து தீவனத்தொட்டி வீட்டுக்கு வரும் என்று நான் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். கல்லுத் தொட்டி மாதிரி ஏதோ ஒன்றை மனதில் நினைத்துக்கொண்டு, "வரட்டுங்க, ஜெனிக்கும் சந்தோஷமா இருக்கும்" என்று சொல்லியிருந்தாள்.

ஒரு மஞ்சள் சட்டை

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜெனிக்குத் தெரிந்த விஷயம்தான். வீடுகளில் இதெல்லாம் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் நாங்கள் ஒரு குழந்தைக்காகக் காத்திருந்தோம். ஸ்டெல்லா ஆசை ஆசையாக எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்தாள். மஞ்சள் சட்டை. காது மூடுகிற குல்லா. கொசுவலை போட்ட குட்டி மெத்தை. கூடத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில்கூடக் கட்டியாகிவிட்டது.

பையன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தான். அழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். அப்போது ஜெனிக்கு நாலு வயது. அந்தச் சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு நின்றாள். "சத்தம் போடாதீங்க, தம்பி தூங்குறான்" என்றாள்.

காலித் தொட்டிலை ஆட்டக் கூடாது என்று நம் பக்கம் சொல்வார்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் அதையும் சொன்னார்கள். பிறக்காத பிள்ளைக்கு முன்னாடியே துணி வாங்கினதுதான் தப்பு என்றும் சொன்னார்கள். டாக்டர் வேறு காரணம் சொன்னார், படம் போட்டு விளக்கினார். டாக்டர் சொன்னது காதுக்குப் போனது. அவர்கள் சொன்னது ஸ்டெல்லாவின் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

அதனால் இந்தத் தடவை வீட்டில் ஒரு துண்டுத் துணி இல்லை. பேர் பேசக் கூடாது. எத்தனையாவது மாதம் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். கூடத்துக் கொக்கியைக்கூடக் கழற்றச் சொல்லிவிட்டாள். கோவிலில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவளும்தான் "வாரும், வாரும்" என்று பாடினாள். வீட்டுக்கு வந்தால், வருகிறவருக்கு ஒரு பாய்கூட விரிக்கப் பயம்.

அவளை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அதே பயம்தான். எனக்கு வேலை இருந்தது, மிஷின் சத்தத்தில் பயம் கேட்காது. அவளுக்கு வீட்டில் அதுவும் இல்லை.

கஸ்தூரி அக்கா

இப்போது வாசல்.

ஸ்டெல்லா "உள்ள கொண்டு வராதீங்க" என்றதும் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து ஜெனி, அப்போது ஆறு வயது, என் கைக்குக் கீழே புகுந்து வெளியே ஓடினாள்.

"ஐ, தொட்டில்!"

ஒரு தள்ளு தள்ளினாள். வளைந்த கால்கள் சிமென்ட் தரையில் கடக், கடக் என்று ஆடின.

"ஆட்டாத ஜெனி!"

ஸ்டெல்லாவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஜெனி பயந்துபோய் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சூசை அண்ணன் குனிந்து தொட்டிலை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "தங்கச்சி, எனுக்குத் தெரியாதும்மா" என்றார்.

அப்போதுதான் பக்கவாட்டுச் சந்திலிருந்து கஸ்தூரி அக்கா வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா. அந்த மனையெல்லாம் வயலாக இருந்த காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற குடும்பம். வயல் போய் வீடுகள் வந்துவிட்டன. பின்பக்கம் ஒரு கொட்டாயும் ராசாத்தி என்ற ஒரு மாடும் மட்டும் மிச்சம். தலையில் கோணிப்பை கவிழ்த்துக்கொண்டு, கையில் தவிட்டு வாளியோடு நின்றார்கள்.

"இன்னாபா இது? இப்பத்தான் பாட்டு கேட்டுச்சு. அதுக்குள்ள எல்லாம் ஊமையாயிட்டீங்க?"

அக்கா தொட்டிலைப் பார்த்தார்கள்.

"இது இன்னாத்துக்கு?"

"மாட்டுத் தொட்டிக்கா" என்றார் சூசை அண்ணன், பாவம். "இயேசு சாமி பொறந்தப்போ இதுலதான் போட்டாங்க."

"இதுவா மாட்டுத் தொட்டி? எந்த ஊரு மாடுயா ஆடிக்கினே துன்னும்?"

இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. கதவில் சாய்ந்து நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள். இரண்டு வருடம் முன்னால் நடந்த எல்லாவற்றையும் பார்த்தவர்கள் அவர்கள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி. மாட்டுத் தொட்டின்னா மாட்டாண்ட இருக்கட்டும். எட்னு வாங்க என் பின்னால. புள்ளத்தாச்சியப் போய் மழையில நிக்க வெச்சிகினு. நீ உள்ள போமே, கால நீட்டி உக்காரு."

அப்படியாக அன்றைக்கு அந்தத் தொட்டில் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. இயேசு பிறந்த இரவில் சத்திரத்தில் நடந்த மாதிரியே, இடமில்லை என்று அனுப்பப்பட்டு, ஒரு மாட்டுக் கொட்டாய்க்குப் போனது. அன்பியத்துக்காரர்கள் மீதிப் பாட்டை அங்கே, சாணி வாசனையில், ராசாத்திக்கு முன்னால் நின்று பாடி முடித்தார்கள். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

ஸ்டெல்லா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஜெனி அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, "இனிமே ஆட்ட மாட்டேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ராசாத்தியின் விருந்து

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஜெனி கொட்டாயிலிருந்து அழுதுகொண்டே ஓடிவருகிறாள்.

"அப்பா! ராசாத்தி எல்லாத்தையும் தின்னுடுச்சு!"

"எதையம்மா?"

"நல்ல காரியத்தை எல்லாம்!"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எங்களுக்கு முன்னால் தொட்டில் தங்கிவந்த வீடுகளில் பிள்ளைகள் ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் பார்த்துப் பார்த்துப் போட்ட வைக்கோல். அதைக் கொண்டுபோய் ஒரு பசுமாட்டின் மூக்குக்கு நேராக வைத்துவிட்டு, நாங்கள் பாட்டுப் பாடிக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஜெனி ஏங்கி ஏங்கிச் சொன்னாள். "வின்சி அக்கா பாத்திரம் கழுவினது போச்சு. ரோஷன் வீட்டுப்பாடம் எழுதினது போச்சு. டேனி ஒருநாள் முழுக்கச் சண்டை போடாம இருந்தான்ல, அதையும் தின்னுடுச்சுப்பா!"

உள்ளேயிருந்து ஒரு குரல்.

"சண்டை போடாம இருந்ததையுமா?"

ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்றாள். கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு வந்தது பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று வயிற்றைப் பிடித்தாள். நான் பயந்துபோய் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஒண்ணுமில்லைங்க. உதைக்குது" என்றாள். "நான் சிரிச்சா உதைக்குது."

அத்தனை மாதங்களில் அவள் வாயால் அந்தக் குழந்தையைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் நடந்தாள். நானும் ஜெனியும் பின்னாலேயே போனோம்.

கஸ்தூரி அக்கா எங்களைப் பார்த்ததும் தற்காப்புக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "தப்பா எட்த்துக்காத ஸ்டெல்லா. மாட்டாண்ட வெக்கச் சொன்னது நாந்தான். துன்ற பண்டத்த அது மூஞ்சிக்கு நேரா வெச்சா, அது இன்னா, கும்புட்டுக்கினு நிக்குமா?"

ஸ்டெல்லா அக்காவைப் பார்க்கவில்லை. ராசாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோல் தீர்ந்த பிறகும் ராசாத்தி விடவில்லை. மூலையில் ஒட்டியிருந்த துணுக்குகளை நாக்கை நீட்டி நீட்டி நக்கிக்கொண்டிருந்தது. அது நக்க நக்க, அந்தக் காலித் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கடக், கடக். கடக், கடக்.

நான் ஸ்டெல்லாவின் தோளைத் தொட்டுத் திருப்பப் பார்த்தேன். அவள் அசையவில்லை. தொட்டில் ஆடுவதை அது நிற்கும் வரைக்கும் பார்த்தாள்.

"கஸ்தூரிக்கா" என்றாள். "வைக்கோல் இருக்கா?"

"கேக்கணுமா? பாரிவாக்கத்துலேர்ந்து போன வாரம்தான் வண்டியில வந்து எறங்கிச்சு. போர் போரா கீது."

அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார்கள். ஸ்டெல்லா மெதுவாக அதில் உட்கார்ந்தாள். ஈரம் படாத உள்வைக்கோலாக அக்கா உருவி உருவிக் கொடுக்க, அவள் தூசி தட்டி, முனை குத்தாமல் மடித்து, தொட்டிலில் பரப்பினாள். மழைநாளில் புது வைக்கோல் பிரிக்கும்போது ஒரு சூடான வாசனை வரும். கொட்டாய் முழுவதும் அந்த வாசனை.

"இன்னாமே, பயம் போயிடுச்சா?" என்று அக்கா கேட்டார்கள்.

"போகலக்கா. இருக்கு."

"அப்பறம்?"

"அதோடதான் போடுறேன்."

ஜெனியே, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பயமில்லாதவர்கள் கொண்டாடுகிற காலமில்லை இது. இருட்டு முழுசாகப் போன பிறகு மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை அல்லவா? முதல் வாரம் ஒன்றே ஒன்று எரியும்போது, பீடத்தைச் சுற்றி இருட்டுதான் அதிகம். ஊதா நிறம் அதற்காகத்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். கஷ்டமே இல்லாத மாதிரி நடிக்க வேண்டாம், வலியோடு வா, பயத்தோடு வா, ஆனால் வருகிறவருக்கு இடம் செய்துகொண்டே வா என்று சொல்கிற நிறம்.

அன்று சாயங்காலம் தொட்டில் அடுத்த வீட்டுக்குப் போனது. பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டோம். டேனி மட்டும் இன்னொரு நாள் சண்டை போடாமல் இருக்கத் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டான்.

ரோஸ் நிற வாரம்

மகிழ்ச்சி ஞாயிறு என்று சொல்கிற மூன்றாவது ஞாயிறு மெழுகுவர்த்தி ஊதா இல்லை, ரோஸ். அன்று ஃபாதரும் ரோஸ் உடுப்பில் வருவார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறார் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்த வருடம் ஃபாதர் பிரசங்கத்தில் சின்னதாக ஒன்று சொன்னார். மகிழ்ச்சி ஞாயிறைத் திருச்சபை கடைசியில் வைக்கவில்லை, காத்திருப்பின் நடுவில் வைத்திருக்கிறது என்றார். கிடைத்த பிறகு சந்தோஷப்பட யாருக்கும் தெரியும். கிடைப்பதற்கு முன்னால் கொஞ்சம் சந்தோஷப்படப் பழகுங்கள் என்றார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவள் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். சர்ர்ர் என்று ஒரு சத்தம். விழித்துப் பார்த்தால், அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என்னுடைய வேட்டி. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது, வீட்டில் கட்டுவதற்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஓரத்தில் பல்லால் கடித்து, சர்ர்ர் என்று சதுரமாகக் கிழிக்கிறாள்.

"ஏய், நல்ல வேட்டி!"

"பழசுதாங்க மெத்துனு இருக்கும்" என்றாள். "மொதல்ல சுத்துறதுக்குப் பழைய துணிதான் வேணும்."

யாரைச் சுற்றுவதற்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து வேட்டியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

அது முடிந்ததும் போதாது என்றாள். கஸ்தூரி அக்காவிடம் ஒரு பழைய நூல்புடவை கேட்டாள். அக்கா இரண்டு கொண்டுவந்து போட்டுவிட்டு, "ஒண்ணு கேட்டா ஒண்ணுதான் குடுக்கணுமா? கொழந்த இன்னா கணக்கு பாத்தா மூத்திரம் போவும்?" என்றார்கள். ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாரம் முழுக்க மழை. எங்கள் வீட்டுக்குள் கொடி கட்டி, துவைத்த சதுரத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே குனிந்து குனிந்துதான் நாங்கள் நடமாடினோம்.

கிறிஸ்துமஸ் பூசையில், வீடு வீடாகப் போய்வந்த தொட்டில் குடிலில் இருந்தது. வைக்கோல் பொங்கி வழிந்தது. அதன் மேல் பாலன் சுரூபத்தை வைத்தார்கள். வானவர் கீதம் திரும்பவும் ஆரம்பித்தது, மணி அடித்தார்கள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊருக்கெல்லாம் வந்தாயிற்று. எங்களுக்கு இன்னும் வரவேண்டியிருந்தது.

கதவு திறந்தபோது

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் காலையில் அவளுக்கு வலி எடுத்தது.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு. அதே பெஞ்சு. இரண்டு வருடம் முன்னால் நான் உட்கார்ந்த இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதில் எனக்கு ஒரு நிம்மதி. ஜெனியைக் கஸ்தூரி அக்கா வீட்டில் விட்டிருந்தோம். ஜெபம் சொல்லப் பார்த்தேன், பாதியிலேயே திரும்பத் திரும்ப முதல் வரிக்குப் போய்விட்டேன். மடியில் ஒரு துணிப்பை. அதன் வாயை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

போன தடவை அந்தக் கதவு திறந்தபோது ஒரு டாக்டர் வெளியே வந்தார். "உக்காருங்க" என்றார். அதற்குமேல் அவர் சொன்னது எனக்கு நினைவில்லை. அதனால் இந்தத் தடவை கதவு அசையும்போதெல்லாம் நான் யார் வருகிறார்கள் என்றுதான் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் கதவு திறந்தது. டாக்டர் இல்லை. ஒரு நர்ஸ், பாதி உடம்பு உள்ளேயே இருக்க, தலையையும் ஒரு கையையும் மட்டும் வெளியே நீட்டினாள். அவசரமான குரல், கொஞ்சம் எரிச்சலான குரல்.

"ஸ்டெல்லா வீட்டுக்காரர் யாருங்க? கொழந்தையச் சுத்தணும், சீக்கிரம். பழைய துணி கொண்டாந்திருக்கீங்களா, இல்லையா?"

அவளுக்குப் பின்னால், உள்ளே, யாரோ வீறிட்டு அழுதார்கள். பெரியவர்கள் அழுகிற அழுகை இல்லை.

நான் எழுந்து பையை அப்படியே நீட்டினேன்.

"இருக்கு சிஸ்டர்" என்றேன். "நிறைய இருக்கு."